குலைநோய்க்கு எதை நம்புவது: ரகமா, சாம்பலா, சூடோமோனாஸா, மருந்தா?

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே கேள்வியாகிவிடும். "தோகையில் புள்ளி விழுந்திருக்கிறது, சூடோமோனாஸ் போதுமா, மருந்துதான் அடிக்க வேண்டுமா?" (குலைநோய் நெல்லைத் தாக்கும் பூஞ்சை நோய், சூடோமோனாஸ் அதைத் தடுக்க உதவும் பாக்டீரியாப் பொடி.) சென்ற பருவத்தில் ஒருவர் இரண்டையும் வாங்கி ஒரே டேங்கில் கலந்துவிட்டு, அதன் பிறகு கேட்டார். இன்னொருவர் நாற்று விடுவதற்கு முன்பே கேட்டார். அவர் நல்ல நேரத்தில் கேட்டவர். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் என் கதை. ஒரு தாளடிப் பருவத்தில் பயிர் வெளுத்துத் தெரிகிறதே என்று கூடுதலாக ஒரு தடவை யூரியா விசிறினேன். தொடர்ந்து மூன்று நாள் தூறல், இரவெல்லாம் பனி. புள்ளியைப் பார்த்த பிறகும் இரண்டு நாள் யோசித்துவிட்டு மருந்து அடித்தேன். பாதி வயல் தப்பியது. மீதிப் பாதிக்கு மருந்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மருந்து தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. நான்தான் அதற்கு வேலை முடிந்த பிறகு அதை அழைத்திருந்தேன். இது புரிய நெற்பயிருக்குள் அந்த ஒரு வாரத்தில் என்ன நடக்கிறது என்று படிக்க வேண்டியிருந்தது.

பூஞ்சையின் கடிகாரமும் பயிரின் கடிகாரமும்

குலைநோய்ப் பூஞ்சையின் வித்து காற்றில் வந்து ஈரமான தோகையில் ஒட்டுகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் முளைக்கிறது. முளையின் நுனியில் ஒரு சிறு குமிழ் உருவாகி, தன்னைச் சுற்றி மெலனின் என்ற கறுப்புப் பூச்சைப் பூசிக்கொள்கிறது. உள்ளே கிளிசரால் சேர்கிறது, அது தண்ணீரை இழுக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. அளந்து பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு, சுமார் 80 வளிமண்டல அழுத்தம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல ஏறத்தாழ 40 மடங்கு. அந்த விசையில் ஓர் ஊசி தோகைத் தோலைத் துளைக்கிறது. வித்து விழுந்து ஏறத்தாழ ஒரு நாளுக்குள் இது முடிந்துவிடும். அதன்பின் சில நாள் பூஞ்சை உயிருள்ள செல்லுக்குள் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. நான்காம் ஐந்தாம் நாளில்தான் நம் கண்ணுக்குப் புள்ளி தெரிகிறது. வாரம் முடிவதற்குள் அந்தப் புள்ளியே ஆயிரக்கணக்கில் புதிய வித்துகளை உதிர்க்கத் தொடங்கும்.

பயிர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. பூஞ்சையின் செல்சுவரில் உள்ள கைட்டின் துணுக்கு பட்டதுமே நெல்லின் உணர்விகள் அதை அடையாளம் காண்கின்றன. சில நிமிடங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு பீறிடுகிறது. அடுத்த சில மணி நேரங்களில் செல்லின் வரவு செலவுக் கணக்கே மாறுகிறது. வளர்ச்சிக்குப் போக வேண்டிய பினைல்அலனின் என்ற அமினோ அமிலம், சுவரை மரமாக்கும் லிக்னினாகவும் சகுரானெட்டின் என்ற நஞ்சாகவும் திருப்பிவிடப்படுகிறது. (சகுரா என்றால் ஜப்பானியச் செர்ரி மரம், அந்த மரத்துப் பொருள் நெல்லிலும் இருக்கிறது.) இன்னொரு பாதையில் மோமிலாக்டோன், பைட்டோகசேன் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் தயாராகின்றன. இவற்றைச் செய்யும் மரபணுக்கள் நான்காம், இரண்டாம் குரோமோசோம்களில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. ஊசியும் நூலும் கத்தரிக்கோலும் ஒரே பெட்டியில் கிடப்பதைப்போல. மூன்றாவது பாதை டிரிப்டோபானிலிருந்து செரட்டோனினுக்குப் போகிறது. நம் மூளையில் இருக்கும் அதே செரட்டோனின்தான். நெல்லில் அது செல்சுவரில் படிந்து பழுப்பு நிற வேலியாகிறது.

நோய் தாங்கும் ரகத்துக்கும் தாங்காத ரகத்துக்கும் இங்கே வேறுபாடு என்ன? தாங்காத ரகத்துக்கும் இந்த ரசாயனங்களைச் செய்யத் தெரியும். தாமதமாகச் செய்கிறது, அவ்வளவுதான். எதிர்ப்புள்ள ரகத்தில் முதல் ஓரிரு நாளிலேயே நடப்பது, மற்றதில் பூஞ்சை செல் செல்லாகத் தாண்டிய பிறகு நடக்கிறது. பூஞ்சையும் விட்டுக்கொடுப்பதில்லை. கைட்டின் துணுக்குகள் பயிரின் உணர்வியில் படாமல் அவற்றைத் தானே பிடித்து மறைக்கும் புரதம் ஒன்றைச் சுரக்கிறது. சகுரானெட்டினை உடைத்து வீரியம் குறைந்த பொருளாக்குகிறது. நம் கோயம்புத்தூரில் உருவான கோ 39 ரகம் இந்தத் தாமதத்துக்குப் பேர்போனது. உலகம் முழுக்கக் குலைநோய் ஆய்வுக்கூடங்களில் "கட்டாயம் நோய் விழும்" ரகமாக அதைத்தான் நட்டு வைக்கிறார்கள். பெருமையா வருத்தமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வயலில் இறங்கி ஒரு தோகையைப் பிடித்துப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் வெறும் பழுப்புப் புள்ளிகளாக நின்றுவிட்டிருந்தால் பயிர் முந்திக்கொண்டுவிட்டது. அந்தச் செல்கள் தங்களையே சாகடித்து வழியை அடைத்திருக்கின்றன. இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறம் பரந்து, ஓரம் மட்டும் பழுப்பாக இருந்தால் பூஞ்சை முந்திவிட்டது. அந்தச் சாம்பல் நடுப்பகுதிதான் வித்து உதிர்க்கும் களம்.

எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு கேள்விகள் கேட்பேன். ஒன்று, இந்த வழி கடிகாரத்தில் எந்த மணியில் வேலை செய்கிறது? இரண்டு, பயிரின் சொந்த ரசாயனத்துக்கு அது உதவுகிறதா, அல்லது அதற்குப் பதிலாக நிற்கிறதா? மூன்று, பூஞ்சை அதைத் தாண்டிப் போக எவ்வளவு காலமாகும்? நான்கு, ரசீதில் வராத செலவு என்ன? விலையை நான் தனிக் கேள்வியாக வைக்கவில்லை. காரணம், இங்கே பார்க்கப்போகும் நான்கு வழிகளில் எதுவும் தன்னளவில் விலை கூடியதல்ல. தவறான நேரத்தில் வாங்கினால் எல்லாமே விலை கூடியதுதான்.

எதிர்ப்புள்ள ரகம்

வேலை செய்யும் மணி: முதல் மணியிலிருந்தே. பயிரின் ரசாயனத்தைத் தாமதமில்லாமல் தொடங்கிவைக்கும் வழி இது. விதைத்த பிறகு கைச்செலவு எதுவும் இல்லை.

தஞ்சை டெல்டாவுக்கு இது பழைய பாடம். இந்தியாவில் இந்த நோய் 1913-இல் பதிவாகி, சில ஆண்டுகளில் தஞ்சைப் பகுதியில் பெருஞ்சேதம் செய்தது. அப்போது இன்றுள்ள மருந்துகள் இல்லை, ரகத்தை மாற்றுவதுதான் வழி. இன்றும் நோய்க்கு ஏற்ற பருவத்தில் ஐ.ஆர். 50, டி.கே.எம். 6 ஆகியவற்றைத் தவிர்த்து, ஏ.டி.டி. 39, கோ 47, ஐ.ஆர். 64 போன்றவற்றை நடும்படி பரிந்துரைகள் சொல்கின்றன.

மறைந்த செலவு இரண்டு. முதலாவது சந்தை. ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் பி.பி.டி. 5204 குலைநோய்க்கு எளிதில் இரையாகும். ஆனால் அரிசி வியாபாரி அதைத்தான் கேட்கிறார். நோய் தாங்கும் ரகத்தை நட்டு மூட்டைக்கு விலை குறைந்தால் அந்த வித்தியாசமும் நோய்ச் செலவுதான், அதையும் கணக்கில் எழுதுங்கள். இரண்டாவது, எதிர்ப்பு நிரந்தரமல்ல. பெரும்பாலான எதிர்ப்பு மரபணுக்கள் பூஞ்சையின் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காண்பவை. பூஞ்சை அந்த ஒன்றை மாற்றிக்கொண்டால் காவலாளிக்குத் திருடனின் முகம் தெரியாமல் போய்விடும். ஒரே ரகம் ஒரு வட்டாரம் முழுக்க நிற்கும்போது இது விரைவில் நடக்கும். அதனால்தான் இரண்டு மூன்று மரபணுக்களைச் சேர்த்து ரகம் உருவாக்குகிறார்கள். 2021-இல் வெளியான பூசா பாஸ்மதி 1847-இல் பிஐ2, பிஐ54 என்ற இரண்டு குலைநோய் எதிர்ப்பு மரபணுக்களும் சேர்ந்தே இருக்கின்றன.

பத்து ஆண்டுகளுக்கு முந்தைய துண்டுப் பிரசுரத்தில் "எதிர்ப்புத் திறன் உள்ளது" என்று அச்சிட்டிருப்பதை இன்றைய வயலுக்கு நம்பாதீர்கள். உங்கள் பக்கத்து ஊரில் சென்ற மார்கழியில் அந்த ரகம் எப்படி நின்றது என்று கேளுங்கள். அது உங்கள் ஊர்ப் பூஞ்சை தரும் சான்றிதழ்.

சிலிக்கானும் தழைச்சத்தும்

இவை இரண்டையும் ஒன்றாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒன்று பயிரின் சுவரைக் கெட்டியாக்குகிறது, மற்றது இளக்குகிறது; ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை அள்ளி வீசினால் கணக்கு பூஜ்யம்.

நெல்லைப்போல சிலிக்கான் தின்னும் பயிர் வேறு அதிகமில்லை. காய்ந்த தாளின் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட அது சேரும். வேரில் இதற்கென்றே ஒரு வாயில்புரதம் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் கண்டறிந்தார்கள். உறிஞ்சிய சிலிக்கான் தோகைத் தோலுக்குக் கீழே கண்ணாடிப் படலமாகப் படிகிறது. வெறும் சுவர் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஆனால் சிலிக்கான் கொடுத்த பயிரில் பூஞ்சை தாக்கும்போது மோமிலாக்டோனும் அதிகமாகச் சுரப்பது 2004 வாக்கில் தெரியவந்தது. ஆக, சுவரும் உறுதி, உள்ளே ஆயுதமும் கூடுதல். பூஞ்சையால் இதைத் தாண்டப் பழகிக்கொள்ளவும் முடியாது. பழக ஓர் ஒற்றை இலக்கு இல்லை.

எங்கிருந்து எடுப்பது? ஒரு ஹெக்டேரில் 5 டன் நெல் விளைந்தால் மண்ணிலிருந்து 230 முதல் 470 கிலோ சிலிக்கான் வெளியேறுகிறது என்பது கணக்கு. அதில் பெரும்பங்கு வைக்கோலிலும் உமியிலும் இருக்கிறது. இங்கேதான் ரசீதில் வராத செலவு. கட்டும் இயந்திரத்தைக் கூப்பிட்டு வைக்கோலை விற்கும்போது சிலிக்கானையும் சாம்பல் சத்தையும் சேர்த்தே விற்கிறோம். உமிச்சாம்பலாகத் திருப்பிப் போடலாம். ஆனால் ஆலைக் கொதிகலனில் கடும் சூட்டில் எரிந்து வெளுத்த சாம்பல் மெதுவாகத்தான் கரையும். குறைந்த சூட்டில் எரிந்த கறுப்புச் சாம்பல் மேல். அளவும் பெரிதல்ல. ஒரு டன் நெல்லை அரைத்தால் 200 கிலோ உமி, அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். ஏக்கர் முழுக்கப் போட வண்டி வண்டியாக வேண்டும். அதனால் நாற்றங்காலில் தொடங்குங்கள், சிறு பரப்பில் பலன் தெரியும். தூவும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் சிலிக்கேட் கரைக்கும் பாக்டீரியாவும் ஒரு துணைதான். மணற்பாங்கான நிலத்தில் சிலிக்கானின் பலன் அதிகமாகவும், களி மிகுந்த டெல்டா மண்ணில் குறைவாகவும் தெரியும்.

இனி யூரியா. அது தரும் தழைச்சத்து மிகும்போது தோகைச் சாற்றில் அமினோ அமிலங்கள் பெருகுகின்றன. அது பூஞ்சைக்குப் பந்தி. அதே சமயம் லிக்னினும் பீனால்களும் குறைகின்றன, சிலிக்கானும் நீர்த்துப்போகிறது. 45 கிலோ மூட்டை ₹266 சொச்சத்துக்குக் கிடைப்பதால் கை தாராளமாக வீசுகிறது. நம் வயலில் நோய்க்கு ஆகும் செலவில் பாதி இந்த மலிவு விலையில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. தோகையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள்; வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் மேலுரம். பனியும் தூறலும் இருக்கும் வாரத்தில் அதையும் தள்ளிப்போடுங்கள். அந்த வாரத்தில் வயலைக் காயவும் விடாதீர்கள். காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் நல்ல முறைதான், ஆனால் காய்ந்த நிலத்தில் நிற்கும் நெல்லுக்குக் குலைநோய் கூடுதலாக வரும்.

சூடோமோனாஸ்

வேலை செய்யும் மணி: பூஞ்சை வருவதற்கு முன்பே, வேரில். கோயம்புத்தூரில் 1990-களில் இந்தப் பாக்டீரியாவை டால்க் தூளில் கலந்து குலைநோய்க்கான பொடியாக்கினார்கள். இன்று எந்த வேளாண் கிடங்கிலும் கிடைக்கிறது.

பலர் இதை உயிருள்ள மருந்து என்று நினைத்துப் புள்ளி விழுந்த பிறகு தெளிக்கிறார்கள். இதன் பெரிய பலம் வேறு. வேரில் குடியேறிய பாக்டீரியா, ஜாஸ்மோனேட், எத்திலீன் என்ற சமிக்ஞைப் பாதைகள் வழியாகத் தோகைக்குச் செய்தி அனுப்புகிறது. தோகை அந்தக் கணமே நஞ்சு காய்ச்சத் தொடங்குவதில்லை. சாம்பலுக்குள் தணலை மூடிவைப்பதுபோல ஆயத்தமாக இருக்கிறது. பூஞ்சை வரும்போது ஊதினால் போதும், உடனே பற்றிக்கொள்ளும். இப்படித் தணலாக வைத்திருப்பதில் பயிருக்கு அதிகச் செலவில்லை. எப்போதும் கொழுந்துவிட்டு எரியவைத்தால் மகசூல்தான் எரியும்.

அதனால் விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம், நடவின்போது நாற்றின் வேரை அரை மணி நேரம் நனைக்க ஏக்கருக்கு 1 கிலோ, பிறகு மக்கிய தொழுவுரத்துடன் கலந்து நிலத்தில் 1 கிலோ என்ற வரிசைதான் இதற்குப் பொருத்தம். தோகைத் தெளிப்பு துணைதான்.

மறைந்த செலவு: உயிர். மே மாத வெயிலில் தகரக் கொட்டகையில் கிடந்த பாக்கெட்டில் டால்க் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். காலாவதித் தேதியைப் பார்ப்பது போதாது, எங்கே வைத்திருந்தார்கள் என்றும் பாருங்கள். தாமிரம் கலந்த மருந்துகளோடு சேர்த்தால் பாக்டீரியா சாகும். ஒரே டேங்கில் கலந்த நண்பருக்கு நான் சொன்னதும் இதுதான்: உயிரையும் மருந்தையும் ஒன்றாக ஊற்றாதீர்கள், இடையில் சில நாள் விடுங்கள்.

எங்கே தோற்கும்? நோய்க்கு மிக எளிதாக இரையாகும் ரகத்தில், யூரியா மிகுந்த வயலில், தொடர் பனியில். தணல் இருந்து என்ன, விறகு ஈரமாக இருந்தால்?

மருந்து: டிரைசைக்ளசோல்

பூஞ்சைக்கொல்லி என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையில் இது பூஞ்சையைக் கொல்வதில்லை. குமிழ் பூசிக்கொள்ளும் மெலனின் உருவாவதை மட்டும் தடுக்கிறது. பூச்சு இல்லாத குமிழில் கிளிசரால் தங்காது, அழுத்தம் ஏறாது, ஊசி துளைக்காது. வித்து தோகை மேலேயே வீணாகக் கிடக்கும். கடிகாரத்தில் முதல் நாள், அதுவும் துளைப்பதற்கு முந்தைய சில மணி நேரம், அங்கேதான் இதன் முழு வீரம்.

என் பழைய தவறு இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். புள்ளி தெரியும் நாளில் பூஞ்சை உள்ளே வந்து நான்கு நாள் ஆகிவிட்டது. அப்போது அடிக்கும் டிரைசைக்ளசோல் அந்தப் புள்ளியை ஒன்றும் செய்யாது. அடுத்த அலை வித்துகள் புதிய தோகையிலும் கதிரின் கழுத்திலும் நுழைவதைத் தடுக்கும். அதுவும் பெரிய உதவிதான். ஆனால் "அடித்தும் புள்ளி ஆறவில்லை" என்று மறுநாளே வேறொரு மருந்தை வாங்கி அடிப்பது காசுக்குக் கேடு.

பயிரின் ரசாயனத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை. பயிருக்கு நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவே. ஆனால் ஒரு விஷயத்தில் இதைப் பாராட்ட வேண்டும். பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தும் வயலில் பூஞ்சை இதைத் தாண்டிவிட்டது என்ற பெரிய சிக்கல் எழவில்லை. மெலனின் பாதையிலேயே வேறொரு படியைத் தடுத்த கார்ப்ரோபமிட் என்ற மருந்துக்கு ஜப்பானில் 2001 வாக்கிலேயே எதிர்ப்பு வந்துவிட்டது. அசாக்சிஸ்ட்ரோபின் வகை மருந்துகளுக்கும் ஒற்றை மாற்றத்தில் எதிர்ப்பு வந்த அனுபவம் உண்டு. அவற்றை அடுத்தடுத்து அடிக்காதீர்கள்.

அளவு லிட்டருக்கு 0.6 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் 120 கிராம். ஆள்கூலியை மிச்சம் பிடிக்கத் தண்ணீரைப் பாதியாக்கினால் தூரின் அடித் தோகைகளுக்கு மருந்து போய்ச் சேராது. இன்னொரு மறைந்த செலவு, அரிசியில் தங்கும் மருந்தின் எச்சம். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அரிசியில் இதன் அனுமதி அளவைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமுக்கு இறக்கியபோது பாஸ்மதி ஏற்றுமதியாளர்கள் தவித்துப்போனார்கள். பஞ்சாப் அரசு பாஸ்மதிப் பருவத்தில் இதன் விற்பனைக்கே தடை போட்டது. உள்ளூர்ச் சந்தைக்கு விளைவிப்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை என்றாலும், அறுவடைக்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்று லேபிளில் இருப்பதை மதியுங்கள். வீட்டிலும் அந்த அரிசிதான் வேகும்.

ஒரு பார்வையில்

| | வேலை செய்யும் நேரம் | பயிரின் சொந்த எதிர்ப்புக்கு உதவுமா | பூஞ்சை தாண்டுமா | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ரகம் | முதல் மணி முதல் | அதுவேதான் | ஒற்றை மரபணு என்றால் ஆம் | சந்தை விலை |
| சிலிக்கான், அளவான தழைச்சத்து | பருவம் முழுவதும் | ஆம் | கடினம் | வைக்கோல் வருமானம், சுமைகூலி |
| சூடோமோனாஸ் | நோய்க்கு முன் | ஆம், ஆயத்தமாக்கும் | கடினம் | உயிரற்ற பாக்கெட் |
| டிரைசைக்ளசோல் | துளைப்பதற்கு முன் | இல்லை | இதுவரை பெரிதாக இல்லை | கூலி, எச்சம் |

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. ஜப்பானில் 1970-களிலிருந்து புரோபெனசோல் என்ற மருந்தை நெல்லுக்குப் போடுகிறார்கள். அது பூஞ்சையைத் தாக்காமல் பயிரின் சாலிசிலிக் அமிலப் பாதையைத் தட்டி எழுப்புகிறது. பயிருக்குள் அது மாறும் பொருள்களில் ஒன்று சாக்கரின். நீரிழிவுக்காரர் காப்பியில் போட்டுக்கொண்ட அதே இனிப்பு. இதைப் படித்துவிட்டு, "ஆஸ்பிரின் மாத்திரையைக் கரைத்துத் தெளிக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நெல் தோகையில் சாலிசிலிக் அமிலம் இயல்பாகவே மிகுதியாக இருக்கிறது; குறைவது அமிலம் இல்லை, அதைக் கேட்டு எழும் வேகம். மாத்திரையைத் தலைவலிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமைக்கு எது

இன்னும் நாற்று விடவில்லை, அரிசியை வீட்டுக்கும் விதைக்கும் வைத்துக்கொள்கிறீர்கள்: ரகத்தை மாற்றுங்கள். சூடோமோனாஸ் விதை நேர்த்தி சேர்த்தால் பெரும்பாலான ஆண்டுகளில் மருந்துக் கடைப் பக்கம் போக வேண்டியிருக்காது.

வியாபாரி கேட்கும் பி.பி.டி. 5204-தான் நட்டாக வேண்டும்: நோய் வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். விதையிலும் வேரிலும் சூடோமோனாஸ், அட்டை பார்த்து யூரியா, கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்தில் ஒரு தடவை டிரைசைக்ளசோல். பனி தொடர்ந்தால் கதிர் வெளிவந்த பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. இந்த ரகத்தில் சூடோமோனாஸ் மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் வயல்: ரகமும் சிலிக்கானும்தான் உங்கள் மருந்து. வைக்கோலை விற்காதீர்கள்.

தூர் கட்டும் பருவத்தில் புள்ளி தெரிந்துவிட்டது: முதலில் யூரியாவை நிறுத்துங்கள், வயலில் தண்ணீர் கட்டுங்கள். பிறகு சாம்பல் நடுப்பகுதி உள்ள புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். பழைய தோகைகளில் மட்டும் இருந்து, வெயிலும் அடித்தால் இரண்டு நாள் பொறுக்கலாம். புதிய தோகையிலும் ஏறியிருந்தால் அன்றே மருந்து.

கதிரின் கழுத்தே கறுத்துவிட்டது: கழுத்து வழியாகத்தான் தோகையில் உருவான சர்க்கரை மணிக்குப் போகிறது. அந்தக் குழாய் அடைபட்ட கதிருக்கு எந்த மருந்தும் பால் ஊட்டாது, அது பதர்தான். பக்கத்தில் இன்னும் வெளிவராத கதிர்கள் பாதிக்கு மேல் இருந்தால் அவற்றுக்காக ஒரு தடவை அடியுங்கள். எல்லாக் கதிரும் வெளிவந்துவிட்டது என்றால் அந்தக் கூலியை அறுவடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விதைக்கு மட்டும் அந்த வயலிலிருந்து ஒரு மணிகூட எடுக்காதீர்கள்.